சகலையின் இரண்டு கதவுக் கார்

அந்தக் குடும்பத்தில் அவருக்குக் ‘கரெக்ட்’ என்று பெயர் வைத்தது மாமியார்தான். கல்யாணமான புதிதில், மூத்த மாப்பிள்ளை எந்த நேரத்துக்கு வருகிறேன் என்று சொன்னாரோ அந்த நேரத்துக்கு வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. மறுமுறையும் கேட்டது. அதற்கடுத்த முறையும் கேட்டதும், “எங்க மாப்பிள்ளை ரொம்ப கரெக்ட்” என்று அந்த அம்மாள் மாடிவீடு கீழ்வீடு எல்லாம் சொல்லிவைத்தாள். பாராட்டாகத்தான் ஆரம்பித்தது. போகப் போக அதுவே உத்தியோகமாகிவிட்டது. கண் ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, கரெக்டைக் கூப்பிடு. தண்ணீர் மோட்டார் ஓடவில்லையா, கரெக்டிடம் சொல். வெளியூரிலிருந்து யாராவது வருகிறார்களா, ஸ்டேஷனுக்குக் கரெக்ட் போய்விடுவார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அதற்காகக் குழாயைக் கட்டிப்பிடித்து யார் அழுகிறார்கள்?

பார்க்கிற வேலையும் அதற்குத் தகுந்தாற்போல் அமைந்தது. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். கம்பிவலை அடித்த ஒரு சின்ன அறை, கரகரக்கும் ஒரு மைக், டீ கிளாஸ் வைத்து வைத்து வட்டம் வட்டமாய்க் கறை பிடித்த ஒரு மேஜை. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், வழியில் ஒன்று படுத்துவிட்டால் அதற்குப் பதில் எதை அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. படுத்த வண்டியின் டிரைவரும் கண்டக்டரும் மரத்தடியில் உட்கார்ந்து கதையளப்பார்கள். பயணிகள்கூட கொஞ்ச நேரத்தில் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்களாகிவிடுவார்கள். இவர் மட்டும் அறைக்குள் உட்கார்ந்து, மாற்று வண்டிக்கு ஆள் பிடித்து, இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொள்வார்.

அவர் வைத்திருந்த கார் சாம்பல் நிறம், நாலு கதவு, புதிதாக வாங்கி ஒரே கையில் இருப்பது. ஆயில் மாற்ற வேண்டிய நாளுக்கு முன்னாலேயே மாற்றிவிடுவார். மழைக்காலம் வருவதற்குள் வைப்பர் ரப்பரைப் பார்த்துவிடுவார். அது ஒரு நாளும் நடுரோட்டில் நின்றதில்லை. அதில் இத்தனை வருஷம் ஏறி இறங்கிய மாமியாரிடம் “மாப்பிள்ளை கார் என்ன நிறம்?” என்று கேட்டுப் பாருங்கள், அந்த அம்மாள் முழிப்பாள்.

இனி சகலைக்கு வருவோம். சகலை என்கிற உறவை யாரும் கேட்டு வாங்குவதில்லை. நாம் ஒரு வீட்டில் பெண் எடுத்தால், அந்த வீட்டின் இன்னொரு பெண்ணை எடுக்கிறவன் பாட்டுக்கு வந்து நம் தலையில் விழுகிறான். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளவெடுத்துக்கொண்டே இருப்பார்கள். இவர் தலையில் விழுந்தவன் பல்செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவதை வைத்து மெழுகிலும் மாவிலும் பல் வரிசை கட்டுகிற தொழில். “ஊர்ல பாதி வாய் என் கையில இருக்கு” என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சொன்ன நேரத்துக்கு வரமாட்டான், வந்துவிட்டால் வீடு நிறைந்துவிடும். கை நகத்தில் எப்போதும் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும், அதையும் மாமியார் ரசிப்பாள்.

ஒரு விடுமுறை நாள். எல்லாரும் மாமியார் வீட்டில் சாப்பிட்டு முடித்த நேரத்துக்கு அவன் வந்தான். வழக்கம்போல் லேட். ஆனால் அன்றைக்கு லேட்டைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. தெருமுனையிலிருந்தே ஒரு உறுமல் வந்தது. பின்னாலேயே ஒரு சிவப்புக் கார், தரையோடு தரையாக, இரண்டே கதவோடு வந்து நின்றது. வயது இருபது வருஷம் இருக்கும். நாலு கை மாறியது. பழசாக இருந்தால் என்ன, ஸ்போர்ட்ஸ் கார் ஸ்போர்ட்ஸ் கார்தானே? பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“அண்ணே, எப்படி இருக்கு?” என்று சகலை நேராக இவரிடம்தான் வந்தான்.

“நல்லாயிருக்கு தம்பி. டைமிங் பெல்ட் எப்ப மாத்தினாங்களாம்?” என்றார் கரெக்ட்.

“அதெல்லாம் கேக்கலண்ணே. கலரைப் பார்த்தேன், வாங்கிட்டேன்.”

மாமியார் ஒரு ரவுண்டு போக வேண்டும் என்றாள். பின் சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது. முன் சீட்டை மடக்கி, காலை முதலில் உள்ளே விட்டு, பிறகு உடம்பை மடித்துத் திணிக்க வேண்டும். ஏற்றுவதற்கு ஒரு மகள், இறக்குவதற்கு இரண்டு மகள்கள் தேவைப்பட்டார்கள். கரெக்டின் காரில் ஏறும்போது “ஸீட்டு கொஞ்சம் உயரமா இருக்கு மாப்பிள்ளை” என்று குறை சொல்கிற அந்த அம்மாள், இதிலிருந்து சாக்கு மூட்டை மாதிரி இழுத்துப் போடப்பட்டபோது கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கரெக்டுக்கு வயிற்றில் ஏதோ சுருக்கென்றது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சாப்பாட்டின் மேல் தப்பில்லை. மறுநாளிலிருந்து டிப்போவில் மதிய இடைவேளையில் அவர் போனை எடுத்து அந்த மாடலைப் பற்றித் தேட ஆரம்பித்தார். உலகம் முழுக்க அந்தக் காரை வாங்கிவிட்டுப் புலம்புகிறவர்கள் ஒரு கூட்டமே இருந்தார்கள். அந்தப் புலம்பல்களை அவர் அப்படி ஒரு திருப்தியோடு படித்தார். ரேடியேட்டர் ஹோஸ் வெடிக்கும். கதவுக் கண்ணாடி இறங்கினால் ஏறாது. பெல்ட் அறுந்தால் என்ஜினுக்கே சங்குதான். பின் டயர் ஒரு அளவு, முன் டயர் ஒரு அளவு, ஒன்றை எடுத்து இன்னொன்றுக்குப் போடவும் முடியாது. சகலைக்கே தெரியாத வியாதியெல்லாம் இவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. சொந்தக் காரைப் பற்றி ஒரு நாளும் இவ்வளவு யோசித்தவரில்லை.

“லிட்டருக்கு என் வண்டி போற தூரத்துல பாதிதான் போகும். முன் லைட் ஒண்ணு உடைஞ்சா கப்பல்ல வரணும், தெரியுமா?” என்றார் மனைவியிடம்.

“ம்.”

“இன்ஷூரன்ஸ்காரன் அந்த வண்டியைப் பார்த்தாலே ஓடறான். வாங்கின விலையை ரெண்டு வருஷத்துல ரிப்பேருக்கே குடுத்திருப்பான்.”

“அவர் காசு, அவர் வண்டி. உங்களுக்கு எதுக்குங்க வயிறு எரியுது?”

“எனக்கு எதுக்கு எரியணும்? உள்ளதைச் சொன்னேன்.”

எரிந்தது. நன்றாகவே எரிந்தது. அந்த வண்டி எப்போது நிற்கும் என்று அவர் காத்திருந்தார். நேரில் பார்க்கும்போதெல்லாம் “வண்டி எப்படி ஓடுது தம்பி?” என்று அக்கறையாக விசாரிப்பார். சொத்து வரவேண்டிய மருமகன் படுக்கையில் கிடக்கும் பெரியவரிடம் உடம்பைப் பற்றி விசாரிக்கிற அக்கறை அது.

வேண்டுதல் பலித்தது. சகலை, அவன் மனைவி, இவர் மனைவி மூன்று பேருமாக ஒரு சொந்தக்காரப் பெண்ணின் குழந்தையைப் பார்க்கப் போனார்கள். திரும்பி வரும்போது ஏரிக்கரைச் சாலையில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. போன் வந்தபோது இவர் டிப்போவிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்.

“அத்தான், வண்டி நின்னுடுச்சு. புகையா வருது. கொஞ்சம் வர்றீங்களா?” என்றாள் மைத்துனி.

“ஹோஸ்தானே? எனக்குத் தெரியும்” என்று சொல்லி, தண்ணீர்க் கேனும் இழுக்கிற கயிறும் எடுத்துக்கொண்டு, மனசுக்குள் ஒரு விசில் அடித்தபடி கிளம்பினார். மூன்று பேரும் வெயிலில் வாடி, முகம் தொங்கி, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு நிற்பார்கள் என்று எதிர்பார்த்தார். அப்படி நின்றால் ‘நான் அன்னைக்கே சொன்னேன்’ என்பதை எந்தத் தொனியில் சொல்வது என்றுகூட வழியில் ஒத்திகை பார்த்தார்.

எதிர்ப்புறம் காரை நிறுத்திவிட்டு இறங்கியபோது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் அது யாருடையது என்று அவருக்குப் புரியவில்லை. சாலையோரச் சுவரின் மேல் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறந்தநாள் மெழுகுவத்தியை ஊதப்போய்ப் பல்செட்டைக் கேக்கின் மேல் துப்பிவிட்ட ஒரு வாடிக்கையாளரைச் சகலை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். இவர் மனைவி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தங்கை தோளில் சாய்ந்து, விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய அந்தச் சிரிப்பு சும்மா முடியாது. மூச்சு முட்டி, கடைசியில் மூக்கால் ஒரு ‘க்ர்ர்’ சத்தத்தோடு முடியும். கல்யாணமான புதிதில் அதற்காக அவளைக் கேலி செய்திருக்கிறார். வயசாக ஆக அது போய்விட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். போகவில்லை. வேறு இடத்தில் இருந்திருக்கிறது.

அவள் நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். “வந்துட்டார் பாரு, கரெக்டா!” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். ஸ்கூல் மணி அடித்ததும் விளையாட்டு முடிந்துவிடுமே, அந்த மாதிரி சிரிப்பு முடிந்துவிட்டது. கையில் தண்ணீர்க் கேனோடு நடு ரோட்டில் நின்ற அவருக்கு அந்தக் கேனைத் தூக்கி ஏரியில் எறிந்துவிடலாம் போலிருந்தது.

அசிங்கமாக எதையும் நினைத்துவிட வேண்டாம். அவரும் நினைக்கவில்லை. அவர் மனைவிக்குச் சகலை ஒரு தம்பி மாதிரி, ‘அண்ணி அண்ணி’ என்று சுற்றி வருகிறவன். அப்படி ஏதாவது இருந்திருந்தால்கூட சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இது அதைவிட மோசம். ஒரு காரின் மேல் பொறாமை. அதுவும் ஓடாத காரின் மேல். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்குப் பிறகு அந்த வண்டி அடிக்கடி நின்றது. மழையில் கண்ணாடி ஏறாமல் போய், மாமியார் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்து வந்தாள். கிளட்ச் போய், சிக்னலில் போலீஸ்காரரே தள்ளிவிட்டார். வேகத்தடையில் அடிவயிறு தட்டி, எல்லாரும் இறங்கி, காரை வெறுமனே ஏறவிட்டு, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறிக்கொண்டார்கள். சகலையின் சம்பாத்தியத்தில் பெரும்பங்கை மெக்கானிக் வாங்கிக்கொண்டிருந்தார். “வெளிநாட்டுச் சாமான் சார், நான் என்ன பண்ண?” என்று அவர் கையை விரிப்பார், சகலை தலையைச் சொறிந்துகொண்டே எடுத்துக் கொடுப்பான். ஆனால் வீடு கூடும்போதெல்லாம் பேச்சு அந்தக் காரைப் பற்றித்தான். குடைக் கதையை மாமியார் நடித்துக் காட்டுவாள். போலீஸ்காரர் கதையை மைத்துனி சொல்லுவாள். எல்லாக் கதையும் ஒரே மாதிரி முடியும்: “அப்புறம் என்ன, கரெக்ட் வந்தார், வீட்டுக்கு வந்துட்டோம்.” கதை முடிந்ததும் எல்லாரும் எழுந்து டீ போடப் போவார்கள். அவர் வருகிற இடத்தில் சுவாரஸ்யம் முடிந்துவிடுகிறது என்று அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.

ஒரு நாள் சகலை சாவியை நீட்டினான். “அண்ணே, நீங்க இதை ஒரு தடவைகூட ஓட்டினதில்ல. ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கை வாங்கிக்கொண்டது. சீட்டில் உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. இரண்டாவது கியரில் கொஞ்சம் அழுத்தினார். அந்தச் சத்தம் முதுகெலும்பு வழியாக ஏறியது. தெருமுனையில் திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை, அடுத்த தெரு முனையிலும் திரும்பவில்லை. டிப்போவின் கம்பிவலை அறை, மைக், மேஜை எல்லாம் ஞாபகத்திலிருந்து கழன்று போனது. மிதித்தால் சொன்னபடி கேட்டது, ஒரு முனகல் இல்லை, ஒரு தும்மல் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் நின்று நின்று கதை கொடுத்த சனியன், இவரை மட்டும் சமர்த்தாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்து விட்டது.

“எப்படிண்ணே?” என்றான் சகலை.

“ஸ்டீயரிங் கொஞ்சம் கனம். ஷாக் அப்சார்பர் போயிடுச்சு” என்றார். அன்று டிப்போவுக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் மூன்று டிரைவர்களைத் திட்டினார்.

அந்த டிரைவர்களில் ஒருவரிடமிருந்துதான் யோசனை பிறந்தது. கடைசி டிரிப் போகப் பிடிக்காத டிரைவர்கள் செய்கிற ஒரு வித்தை டிப்போவில் உண்டு. ஒரு சின்ன ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “சார், வண்டி ஸ்டார்ட் ஆகல” என்று பரிதாபமாக வந்து நிற்பார்கள். இவரிடம் அது நடக்காது, முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். அன்றும் ஒருவரைப் பிடித்து, ஃபியூஸை மேஜையில் வைக்கச் சொல்லி, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டாணி அளவு சாமான். அது இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய வண்டி நிற்கிறது.

தன் கார் நின்றால் என்ன என்று அப்போது அவருக்குத் தோன்றியது. ஊரார் வண்டியெல்லாம் நிற்காமல் போக வேண்டுமே என்று உழைத்த மனுஷனுக்குத் தன் வண்டி நிற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு தடவை. அவளும் அவரும் மட்டும், ஏரிக்கரைச் சுவர், அந்தச் சிரிப்பு.

அடுத்த விடுமுறையில், “வா, காத்தாட ஒரு டிரைவ் போயிட்டு வரலாம்” என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “உடம்பு நல்லாத்தானே இருக்கு?”

பாவம், எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். பின் சீட்டில் ஒரு பை ஆரஞ்சு. சொல்வதற்கு டிப்போ கதை இரண்டு, முகம் கழுவும்போது கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தது. ஏரிக்கரையில் அதே சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவள் இறங்கித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து, என்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றுகிற பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவள் வந்து ஏறினாள். சாவியைத் திருப்பினார். என்ஜின் இருமிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை.

“அட! நின்னுடுச்சே!” என்றார். குரலில் உற்சாகம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது.

அவள் முகத்தில் ரத்தம் இல்லை. “என்னங்க ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?”

“எனக்கு ஒண்ணுமில்ல. கார்தான் ஸ்டார்ட் ஆகல.”

“உங்க கார் நிக்காதே! எங்கிட்ட எதையாவது மறைக்கறீங்களா? டாக்டர் ஏதாவது சொன்னாரா? அதான் காத்து வாங்கலாம்னு கூட்டிட்டு வந்தீங்களா?”

“ஐயோ, கார் நின்னா கார்தான் நின்னிருக்கு. இறங்கு, அந்தச் சுவர்ல உட்காரலாம். ஆரஞ்சு இருக்கு.”

“ஆரஞ்சா?”

அவள் இறங்கினாள், உட்காரவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, எதையோ அழுத்தி, காதில் வைத்தாள். கரெக்டின் பாக்கெட்டில் போன் அடித்தது. இரண்டு பேரும் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தார்கள். அவசரம் என்றால் அவள் விரல் போகிற எண் ஒன்றே ஒன்றுதான். அது தானாகவே போய்விட்டது.

சிரிப்பதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நினைத்த அவர், “சொல்லுங்க மேடம், எந்த ரூட்?” என்றார். அவள் சிரிக்கவில்லை. டிப்போ கதையில் முதலாவதை எடுத்துவிட்டார். பாதியில், “இப்ப இது ரொம்ப முக்கியமா?” என்று கேட்டுவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டாள். அழுகிற குரலில் பேசினாள். ஆரஞ்சுப் பை சீட்டிலேயே கிடந்தது.

சிவப்புக் கார் வந்தது. ஒவ்வொரு ஆணியும் கழன்று விழ வேண்டிய அந்தக் கார், அன்றைக்குப் பார்த்து ஒரு இடத்திலும் நிற்காமல், உறுமிக்கொண்டு வந்து சேர்ந்தது. நகத்தில் மாவோடு சகலை இறங்கி ஓடிவந்தான். “அண்ணே, நீங்க ஓரமா உட்காருங்க. அண்ணி, தண்ணி குடிங்க. ஒண்ணுமில்ல.” சாவியைத் திருப்பிக் காதைத் தீட்டிக் கேட்டான். “பம்ப் சத்தம் வரலியே” என்றான். இவ்வளவு காலம் ஓட்டை வண்டியோடு மல்லுக்கட்டியதில் அவனுக்குக் கால்வாசி மெக்கானிக் வேலை வந்திருந்தது. குனிந்து ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தான்.

அங்கே ஒரு இடம் காலி. எரிந்த ஃபியூஸ் என்றால் அங்கேயே இருக்கும், இப்படிக் காணாமல் போகாது. அவன் தலையைத் தூக்கிக் கரெக்டைப் பார்த்தான். பின் சீட்டில் இருந்த ஆரஞ்சைப் பார்த்தான். மறுபடி கரெக்டைப் பார்த்தான். டிப்போவில் எத்தனை டிரைவர்களை இப்படிப் பார்த்திருப்பார்! அந்தப் பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

“ஃபியூஸ் எரிஞ்சுடுச்சு அண்ணி, அவ்வளவுதான்” என்றான் சகலை சத்தமாக. “எங்கிட்ட ஒரு டப்பா நிறைய இருக்கு. என் வண்டி இதைத்தான் மூணு வேளையும் சாப்பிடுது.”

அவள் சிரித்தாள். பயம் இறங்கிய சின்னச் சிரிப்புதான், ‘க்ர்ர்’ வரவில்லை. ஆனாலும் சிரிப்பு சிரிப்புதான், அதுவும் அவன் கணக்கில் போய்ச் சேர்ந்தது. கார் ஸ்டார்ட் ஆனது. சகலை இவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். காட்டிக் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் நல்லவனாகவும் இருந்து தொலைத்ததுதான் கரெக்டால் தாங்க முடியவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

ஆனால் சகலை யாரிடமும் சொல்லாமல் இல்லை. தன் மனைவியிடம் மட்டும், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிச் சொன்னான். அவள் தன் அக்காவிடம் மட்டும் சொன்னாள். இவர்கள் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, டீ கொதிப்பதற்குள் விஷயம் வந்து சேர்ந்துவிட்டது. போனை வைத்துவிட்டுச் சமையலறையிலிருந்து வந்த மனைவி, டீ கொண்டு வரவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஏன் அப்படிப் பண்ணினீங்க?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தார். சமாளிப்பதற்கு ஒரு பொய்யும் கிடைக்கவில்லை. கடைசியில் உள்ளதே வெளியே வந்துவிட்டது. “நீ அங்க சிரிச்ச.”

“எங்க?”

“ஏரிக்கரையில. அவன் வண்டி நின்னப்போ. மூக்கால சத்தம் வர்ற மாதிரி. எங்கூட அப்படிச் சிரிச்சு எத்தனையோ வருஷமாச்சு. என் வண்டி நின்னாலும் சிரிப்பியான்னு பார்த்தேன்.” சொல்லிக்கொண்டு வரும்போதே அவருக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. “எனக்குப் பொறாமை. போதுமா?”

திட்டுவாள் என்று நினைத்தார். அவள் கண் கலங்கியிருந்தது, அதோடு கோபமும் இருந்தது.

“நாங்க அங்க எப்படி உட்கார்ந்து சிரிச்சோம்னு நினைக்கறீங்க? புகை வந்ததும் அவ பயந்துட்டா. நான்தான் சொன்னேன், அத்தானுக்குப் போன் போட்டாச்சுல்ல, வந்துடுவார், வா, ஆரஞ்சு வாங்கித் தின்னலாம்னு. நீங்க வருவீங்கன்னு தெரியும். அதனால சிரிச்சேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “உங்க வண்டி நின்னா எனக்கு யாருங்க வருவா?”

அந்தச் சிவப்புக் காருக்குப் பெட்ரோல் செலவு, டயர் செலவு, கப்பலில் வருகிற சாமான் செலவு எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்தாரே, அதை ஓடவைக்கிற செலவில் தானும் ஒன்று என்பது அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. தெரிந்ததும் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்றும் புரியவில்லை. தான் வருகிற வரைக்கும்தான் அவர்கள் சிரிக்கிறார்கள். தான் வருவோம் என்பதால்தான் சிரிக்கிறார்கள். இதை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது?

“அந்த ஃபியூஸ் எங்க?” என்றாள்.

சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். நீல நிறத்தில், இரண்டு கால் முளைத்த அந்தப் பட்டாணி அளவு சாமானை அவள் குனிந்து பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். “இதைப் பிடுங்கி வச்சுக்கிட்டு... ஆரஞ்சும் வாங்கிக்கிட்டு...” என்று ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை. தோள் குலுங்கியது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு முட்டியது. கடைசியில் அந்த ‘க்ர்ர்’ வந்தது.

வந்தேவிட்டது. இவருடைய வீட்டில், இவருக்கு எதிரே, இவரால். சேர்ந்து சிரிக்க வேண்டியதுதான் பாக்கி, வாயையும் அவர் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் காது அவர் பேச்சைக் கேட்கவில்லை. அன்றைக்கு ஏரிக்கரையில் கேட்டதற்கு இது கொஞ்சம் நீளம் குறைவோ என்று அது ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.